அரசுத் துறை வெப் சர்வர்களை ஒரே ஸ்டாண்டர்டுக்குள்ள கொண்டு வந்த அனுபவம்

ஒரு அரசுத் துறையோட வெப் சர்வர் எல்லாத்தையும் ஒரே ஸ்டாண்டர்டுக்குள்ள கொண்டு வர்ற வேலை எங்க டீம்கிட்ட வந்துச்சு. ஏற்கனவே ஒரு சுற்றறிக்கை இருந்துச்சு, அதுல வெப் சர்வர் பத்தி இருந்தது ஒரே வரி: அங்கீகரிக்கப்பட்ட மென்பொருளின் அண்மைய பதிப்பையே பயன்படுத்த வேண்டும். படிக்க சரியாத்தான் இருக்கு, ஆனா இதைக் கையில வச்சுக்கிட்டு ஒரு சர்வர் முன்னாடி உட்கார்ந்து இது பாஸ், இது ஃபெயில்னு சொல்லவே முடியாது. அண்மையன்னா யார் கணக்குல? அப்பாச்சிங்கிற வெப் சர்வர் மென்பொருளைச் செய்யற ப்ராஜெக்ட் வெளியிட்டதா, ஆபரேட்டிங் சிஸ்டம் குடுக்கிற பேக்கேஜா, இல்ல அப்ளிகேஷன் செஞ்சு குடுத்த வெண்டர் டெஸ்ட் பண்ணி சரின்னு சொன்னதா? மூணு பேரும் மூணு நம்பர் சொல்றாங்க.

முதல்ல என்னென்ன ஓடுதுன்னு கணக்கெடுத்தோம். ரெஜிஸ்டர்ல இருக்கிற லிஸ்ட்டை மட்டும் நம்பி இறங்கக்கூடாதுங்கிறது என் உறுதியான கருத்து. டிஎன்எஸ்ல, அதாவது சைட் பேரை ஐபி முகவரியோட இணைக்கிற பட்டியல்ல, இருக்கிற பேர் எல்லாத்தையும் எடுத்தோம், துறைக்கு ஒதுக்கின ஐபி ரேஞ்சுல 80, 443 மட்டும் இல்லாம 8080, 8443 போர்ட்டையும் (சர்வர் கேட்டுக்கிட்டு இருக்கிற வாசல் எண்) என்மேப்ங்கிற ஸ்கேன் கருவி வச்சு தட்டிப் பார்த்தோம், அப்புறம் எச்டிடிபிஎஸ் சர்ட்டிஃபிகேட்டுகள் பதிவாகிற பொதுப் பட்டியலான சர்ட்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி லாக்ல நம்ம டொமைனுக்கு எந்தெந்த பேர்ல சர்ட்டிஃபிகேட் வாங்கியிருக்காங்கன்னு தேடினோம். இந்த மூணாவது வழியை யாரும் விட்டுடாதீங்க, யாரோ எப்பவோ டெஸ்டிங்குக்குன்னு போட்டு மறந்துபோன சப்டொமைன் எல்லாம் அதுலதான் வெளிய வரும்.

கிடைச்சது ஒரு கலவை. அப்பாச்சி 2.4 நிறைய, எஞ்சின்எக்ஸ்ங்கிற இன்னொரு வெப் சர்வர் கொஞ்சம், மைக்ரோசாஃப்ட்டோட ஐஐஎஸ் கொஞ்சம், முன்னாடி எதுவுமே இல்லாம 8080ல நேரா வெளிய தெரியற, ஜாவா அப்ளிகேஷன் ஓட்டற டாம்கேட், அதோட அப்பாச்சி 2.2 கூட. 2.2 லைனோட கடைசி ரிலீஸ் 2.2.34, அது வந்தது 2017 ஜூலைல, அதுக்கப்புறம் அந்த லைனுக்கு ப்ராஜெக்ட் பக்கத்துல இருந்து புது ரிலீஸே கிடையாது. அந்த மெஷினைப் பார்த்துக்கிட்டவர் முதல் நாளே சொல்லிட்டார், "சார், இந்த பாக்ஸ்ல மட்டும் கை வைக்காதீங்க, ரீஸ்டார்ட் பண்ணா திரும்ப எந்திரிக்குமான்னு எனக்கே தெரியாது"ன்னு. அவர் பயம் நியாயமானதுதான், அந்த அப்ளிகேஷன் எழுதினவங்க யாரும் இப்ப இல்ல, கான்ஃபிக் ஃபைல் எங்க எங்க இருக்குன்னு எழுதி வச்ச பேப்பரும் இல்ல. அதனால அதை அப்படியே ஒரு விஎம்முக்கு (மென்பொருளால ஆன மெஷின்) காப்பி எடுத்து, வெளி நெட்வொர்க் தொடர்பு இல்லாத இடத்துல வச்சு, அங்கதான் நிறுத்தி ஏத்தி எல்லாம் பார்த்தோம். உண்மையான மெஷின் பக்கமே போகல.

இப்ப முக்கியமான விஷயம். ஸ்டாண்டர்டை வெர்ஷன் நம்பரா எழுதினா ஏன் வேலைக்கு ஆகாதுன்னு மேல இருக்கவங்களுக்குப் புரிய வைக்கணும். அதுக்கு நான் எடுத்துக் காட்டினது 2021ல நடந்த ஒரு விஷயம். அப்பாச்சி 2.4.49 செப்டம்பர்ல வந்துச்சு, அதுல பாத் டிராவர்சல் ஓட்டை, அதாவது காட்டக்கூடாத ஃபைலை வெளிய இருந்து எடுக்க வைக்கிற ஓட்டை, பொது ஓட்டைப் பட்டியலான சிவிஇல அதோட எண் சிவிஇ-2021-41773. அக்டோபர் 4ஆம் தேதி 2.4.50 வந்துச்சு, அந்த ஃபிக்ஸ் போதல, மூணே நாள்ல 7ஆம் தேதி 2.4.51 விட்டாங்க. கவனிங்க, முதல் ஓட்டை இருந்தது 2.4.49ல மட்டும்தான். அண்மைய பதிப்பு போடணும்னு சுற்றறிக்கையை அப்படியே ஃபாலோ பண்ணி உடனே ஏத்தினவங்கதான் மாட்டினாங்க, ரெட் ஹேட் 7 லினக்ஸ் கூட வர்ற 2.4.6 வச்சிருந்தவங்களுக்கு அந்த ஓட்டையே கிடையாது. இன்னொண்ணு, 2.4.49லயே கூட, டாகுமெண்ட் ரூட்டுக்கு, அதாவது சைட்டோட மூல ஃபோல்டருக்கு, வெளிய இருக்கிற ஃபைல்களுக்கு யாருக்கும் அனுமதி இல்லைங்கிற 'ரிக்வயர் ஆல் டினைட்' போட்டிருந்தா அந்தத் தாக்குதல் பலிக்காது. அது அப்பாச்சியோட வழக்கமான டிஃபால்ட் கான்ஃபிக்லயே இருக்கிற வரிதான், யாரோ பர்மிஷன் எரர் வருதுன்னு அதை 'கிராண்டட்' ஆக்கி வச்ச இடத்துலதான் பிரச்சனை. அதாவது காப்பாத்தினது நம்பர் இல்ல, ஒரு கான்ஃபிக் வரி.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. அந்த 2.4.6 வந்தது 2013ல, ஆனா பேக்கேஜ் பண்ணவங்க அதே நம்பரை வச்சுக்கிட்டு செக்யூரிட்டி ஃபிக்ஸை மட்டும் பின்னாடி கொண்டு வந்து சேர்த்துக்கிட்டே இருந்தாங்க. ஆடிட் ஸ்கேனர் என்ன பண்ணும், சர்வர் தன்னைப் பத்தி சொல்ற பேனர்ல 2.4.6ன்னு பார்த்த உடனே அதுக்கப்புறம் வந்த சிவிஇ எல்லாத்தையும் வரிசையா ரிப்போர்ட்ல கொட்டிடும், அதுல பாதிக்கு மேல ஏற்கனவே ஃபிக்ஸ் ஆனதா இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் பேக்கேஜ் சேஞ்ச்லாக்ல தேடி பதில் எழுதணும். அதே நேரம் ரெட் ஹேட் 7க்கு வழக்கமான பராமரிப்பு 2024 ஜூன் 30ஓட முடிஞ்சுது, அதனால அதே 2.4.6 அந்த நாள் வரைக்கும் சரி, அதுக்கப்புறம் தனியா நீட்டிப்பு வாங்கலைன்னா தப்பு. நம்பர் மாறவே இல்ல, நிலைமை மாறிடுச்சு.

அதனால ஸ்டாண்டர்டோட முதல் விதியை இப்படி எழுதினோம்: இந்த சர்வருக்கு இன்னைக்கு செக்யூரிட்டி ஃபிக்ஸ் குடுக்கிறது யார், அது எந்தத் தேதி வரைக்கும், கடைசியா அதை ஏத்தினது எப்போ. மூணுக்கும் பதில் இருந்தா பாஸ். மிச்ச விதி எல்லாமே வெளியில இருந்து ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பி பார்க்கக்கூடிய விஷயமா இருக்கணும், ஒரு விதியை டெஸ்ட் பண்ண ஒரு கமாண்ட் எழுத முடியலைன்னா அது விதியா வராது, வழிகாட்டுதல்னு பின்னிணைப்புக்குப் போயிடும். எங்க டிராஃப்ட்ல இருந்த பாதி வாக்கியம் இதுல அடிபட்டுச்சு. பாதுகாப்பாகக் கட்டமைக்கப்பட வேண்டும் மாதிரி வரிகளை நான் சந்தோஷமாவே வெட்டினேன், அது யாருக்கும் எதுவும் சொல்றதில்ல. அமெரிக்க அரசோட தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டி 2007லயே பப்ளிக் வெப் சர்வர் பாதுகாப்புக்கு 800-44ன்னு ஒரு வழிகாட்டியோட ரெண்டாவது பதிப்பை வெளியிட்டிருக்காங்க, சிஐஎஸ்ங்கிற அமைப்போட பாதுகாப்பு செட்டிங் பட்டியலான பெஞ்ச்மார்க்கும் இருக்கு, ரெண்டையும் படிச்சு தேவையானதை எடுத்துக்கிட்டோம். ஆனா பெஞ்ச்மார்க் முழுசையும் அப்படியே கட்டாயம்னு தூக்கி வச்சா சின்ன ஆபீஸ்ல இருக்கிற ஒரே ஒரு அட்மின் முதல் பக்கத்துலயே கை விட்டுடுவார்.

டெஸ்ட் ஸ்கிரிப்ட் பெருசா ஒண்ணும் இல்ல. சர்வருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பற கர்ல், என்கிரிப்ஷன் இணைப்பைச் சோதிக்கிற ஓப்பன்எஸ்எஸ்எல், ரெண்டையும் ஓட்ட ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். ஒரு பேரைக் குடுத்தா எச்டிடிபியில போனா எச்டிடிபிஎஸ்க்கு திருப்புதா, எச்டிடிபிஎஸ்க்கு பின்னாடி இருக்கிற என்கிரிப்ஷன் முறையான டிஎல்எஸ்ல பழைய 1.0, 1.1 கேட்டா மறுக்குதா, அனுப்பின ரிக்வெஸ்ட்டை அப்படியே திருப்பிக் காட்டற டிரேஸ் மெதட் மூடியிருக்கா, டைரக்டரி லிஸ்டிங் (ஃபோல்டர்ல இருக்கிற ஃபைல் பட்டியல்) வருதா, பிரவுசருக்கு பாதுகாப்புக் கட்டளை சொல்ற செக்யூரிட்டி ஹெடர்கள் இருக்கா, பேனர்ல வெர்ஷன் தெரியுதா, பேருக்கு பதிலா நேரா ஐபி அட்ரஸ்ல போனா என்ன வருதுன்னு பார்த்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி பிரிண்ட் பண்ணும். கடைசியா சொன்ன ஐபி சோதனை நிறைய இடத்துல ஃபெயில் ஆச்சு, காரணம் டிஃபால்ட் சர்வர்னு தனியா எதுவும் எழுதலைன்னா எஞ்சின்எக்ஸ் முதல்ல வர்ற சர்வர் பிளாக்கையே (ஒரு சைட்டுக்கான கான்ஃபிக் பகுதி) எடுத்துக்கும், ஃபைல் பேர் அகரவரிசையில எது முதல்ல வருதோ அந்த உள் அப்ளிகேஷன் வெளிய தெரியும். தெரியாத ஹோஸ்ட் பேருக்கு எதுவும் குடுக்காத ஒரு வெத்து சர்வர் பிளாக் கட்டாயம்னு விதி போட்டோம்.

ஹெடர் விஷயத்துல கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா இங்கதான் எல்லாம் சரியா இருக்கிற மாதிரி தெரிஞ்சு சரியா இருக்காது. எஞ்சின்எக்ஸ்ல 'ஆட் ஹெடர்' வரிகளை சர்வர் பிளாக்ல அழகா எழுதி வச்சிருப்பாங்க, ஹோம் பேஜ்ல டெஸ்ட் பண்ணா எல்லாமே வரும். ஆனா சைட்டோட ஒரு பகுதிக்குன்னு தனியா எழுதற ஏதோ ஒரு லொக்கேஷன் பிளாக்குக்குள்ள, கேஷுக்காக ஒரே ஒரு ஆட் ஹெடர் வரி போட்டா போதும், மேல இருக்கிற ஹெடர் எதுவும் அந்த லொக்கேஷனுக்கு வராது, டிஃபால்ட்டா அது அப்படித்தான் வேலை செய்யும், அதோட டாகுமெண்டேஷன்லயே எழுதியிருக்கு. ரெண்டாவது, கடைசியில 'ஆல்வேஸ்'னு போடலைன்னா 200, 301, 304 மாதிரி சில பதில்களுக்கு மட்டும்தான் ஹெடர் போகும், 404, 500 பேஜ்ல இருக்காது. அப்பாச்சிலயும் கிட்டத்தட்ட இதே கதை, 'ஹெடர் செட்' வேற, 'ஹெடர் ஆல்வேஸ் செட்' வேற. அதனால எங்க ஸ்கிரிப்ட் ஒவ்வொரு சைட்லயும் மூணு இடத்தைத் தட்டும்: ஹோம் பேஜ், ஒரு இமேஜ் இல்லன்னா சிஎஸ்எஸ் ஃபைல், அப்புறம் கண்டிப்பா இருக்க முடியாத ஒரு பேர். மூணுலயும் ஹெடர் வந்தாத்தான் பாஸ். சரிசெய்ய வழி சுலபம்தான், ஹெடர் எல்லாத்தையும் ஒரு தனி ஃபைல்ல வச்சு, ஆட் ஹெடர் வர்ற ஒவ்வொரு லொக்கேஷன்லயும் அதை இன்க்ளூட் பண்றது.

அடுத்து எச்டிஆக்சஸ், அதாவது அப்பாச்சில ஒரு ஃபோல்டருக்குன்னு விதி எழுதி உள்ள வைக்கிற ஃபைல். அப்பாச்சில இருந்து எஞ்சின்எக்ஸ்க்கு மாத்துறவங்க தயவுசெஞ்சு இதைக் கவனிங்க, எஞ்சின்எக்ஸ் அந்த ஃபைலைப் படிக்கவே படிக்காது. ஒரு சைட்ல மக்கள் அப்லோட் பண்ற ஆவணங்கள் இருக்கிற ஃபோல்டர் டாகுமெண்ட் ரூட்டுக்குள்ளயே இருந்துச்சு, அதைக் காத்துக்கிட்டு இருந்தது எச்டிஆக்சஸ்ல இருந்த ஒரே ஒரு 'டினை ஃப்ரம் ஆல்' வரி. அதை அப்படியே எஞ்சின்எக்ஸ்க்கு தூக்கி வச்சிருந்தா சைட் ஒரு எரரும் இல்லாம ஓடியிருக்கும், அந்த ஆவணங்களும் யார் வேணா எடுக்கலாம்னு திறந்து கிடந்திருக்கும். மக்கள் நம்பிக் குடுத்த பேப்பர் அது. அதனால எந்த சைட்டை நகர்த்துறதா இருந்தாலும் முதல் கமாண்ட் ஃபைண்ட் போட்டு எல்லா எச்டிஆக்சஸ் ஃபைலையும் வெளிய எடுக்கிறது, ஒவ்வொரு வரிக்கும் புது இடத்துல எது பதில்னு பக்கத்துல எழுதுறது, அப்புறம் அந்த ஃபோல்டருக்குள்ள ஒரு சாம்பிள் ஃபைலைப் போட்டு வெளிய இருந்து கேட்டு 403 வருதான்னு பார்க்கிறது. அப்லோட் ஃபோல்டர் டாகுமெண்ட் ரூட்டுக்கு வெளியதான் இருக்கணும்னு புது அப்ளிகேஷன்களுக்கு விதியாவே வச்சுட்டோம்.

2.2ல இருந்து 2.4க்குப் போறதுலயும் இதே மாதிரி ஒண்ணு உண்டு. பழைய 'ஆர்டர், டினை, அலவ்' வரிகள் 2.4ல 'ரிக்வயர்' ஆயிடுச்சு. பழசு ஓடணும்னா ஆக்சஸ் காம்பாட் மாட்யூல் வேணும், அது இல்லன்னா வரி மெயின் கான்ஃபிக்ல இருந்தா சர்வரே ஏறாது, எச்டிஆக்சஸ்ல இருந்தா 500 எரர் வரும், அது பரவாயில்ல, கண்ணுக்குத் தெரியுது. மோசம் எதுன்னா மாட்யூலும் இருந்து, பழைய வரியும் புது வரியும் ஒரே இடத்துல கலந்து கிடக்கிறது, யாருக்கு அனுமதி யாருக்கு இல்லன்னு படிச்சு சொல்லவே முடியாது. அந்த மாட்யூலை எடுத்துட்டுதான் டெஸ்ட் பண்ணணும்னு முடிவெடுத்தோம், உடையறது எல்லாம் டெஸ்ட்லயே உடையட்டும்.

புள்ளியில ஆரம்பிக்கிற ஃபைல், ஃபோல்டர் எதையும் வெளிய காட்டக்கூடாதுன்னு இன்னொரு விதி, கோடோட வரலாறு இருக்கிற கிட் ஃபோல்டர் வெளிய தெரிஞ்சா மொத்த சோர்ஸ் கோடும் போச்சு. ஆனா இந்த விதியும் சர்ட்டிஃபிகேட் தானா புதுப்பிக்கிற வேலையும் நேரா மோதும், ஏன்னா சர்ட்டிஃபிகேட்டை தானா வாங்கற முறையான ஆக்மி, டொமைன் நம்மளோடதுதானான்னு சோதிக்க வர்ற வெல்-நோன் ஃபோல்டரும் புள்ளியிலதான் ஆரம்பிக்குது. எஞ்சின்எக்ஸ்ல ரெகெக்ஸ் (எழுத்து வடிவப் பொருத்தம்) வச்சு எழுதின லொக்கேஷன் சாதாரண லொக்கேஷனை முந்திக்கும், அதனால வெல்-நோனுக்கு தனி லொக்கேஷன் எழுதியிருந்தாலும் மேலயிருக்கிற தடைதான் ஜெயிக்கும், கேரட்டும் டில்டாவும் சேர்ந்த அந்தக் குறியை (^~) முன்னாடி போட்டாத்தான் வழி விடும். உடனே தெரியாது இது, அடுத்த ரினியூவல் வரும்போதுதான் ஃபெயில் ஆகும். செக்யூரிட்டி டிஎக்ஸ்டி ஃபைலும் அதே ஃபோல்டர்லதான், ஓட்டை கண்டுபிடிச்சவங்க யாருக்குச் சொல்றதுன்னு அலையாம இருக்க வைக்கிற ஃபைல் அது, 2022ல ஆர்எஃப்சி 9116ங்கிற இணைய முறை ஆவணமா வந்துச்சு, காலாவதித் தேதி அதுல கட்டாயம். அரசு சைட் ஒவ்வொண்ணுலயும் இது இருக்கணும்னு நான் ரொம்ப வற்புறுத்தினேன், கிடைச்சுது.

டிஎல்எஸ் 1.0, 1.1 ரெண்டையும் ஆர்எஃப்சி 8996 மூலமா 2021 மார்ச்லயே கைவிட்டுட்டாங்க, அதனால விதியில சந்தேகமே இல்ல. சந்தேகம் எல்லாம் யார் இன்னும் அதை நம்பி இருக்காங்கங்கிறதுலதான். பிரவுசர் பத்தி கவலை இல்ல, பயம் மெஷினுக்கு மெஷின் பேசற இடத்துல. நாங்க அணைக்கிறதுக்கு முன்னாடி லாக் ஃபார்மட்ல எஸ்எஸ்எல் ப்ரோட்டோக்கால் வேரியபிளைச் சேர்த்தோம், அப்பாச்சிலயும் எஞ்சின்எக்ஸ்லயும் அது ரெடியாவே இருக்கு, மாசக் கடைசி வேலைகளும் உள்ள வர்ற மாதிரி ஒரு மாசத்துக்கு மேல ஓட விட்டோம். பழைய ப்ரோட்டோக்கால்ல வர்றது எல்லாம் ராத்திரி ஒரு குறிப்பிட்ட நேரத்துல ஒரே ஐபியில இருந்து வந்துச்சு, விசாரிச்சா வேற ஒரு ஆபீஸ்ல இருந்து டேட்டா இழுக்கிற ஜாவா 7 ப்ரோக்ராம். ஜாவா 7ல டிஎல்எஸ் 1.2 இருக்கு, ஆனா கிளையன்ட் பக்கம் டிஃபால்ட்டா ஆன் பண்ணி வரல, ஜாவா 8லதான் அது டிஃபால்ட். அவங்களுக்கு ஒரு கடிதம், ஒரு போன், ஒரு செட்டிங் மாத்தம், முடிஞ்சுது. இந்த லாக் இல்லாம அணைச்சிருந்தா மறுநாள் காலைல ஏதோ ஒரு ரிப்போர்ட் வரல, ஏன் வரலன்னு யாருக்கும் தெரியலன்னுதான் ஆரம்பிச்சிருக்கும்.

எச்எஸ்டிஎஸ்ல, அதாவது இனிமே இந்த சைட்டுக்கு எச்டிடிபிஎஸ்ல மட்டும் வான்னு பிரவுசருக்கு சொல்ற ஹெடர்ல, அவசரப்படக்கூடாது. அதை எவ்வளவு நேரம் ஞாபகம் வைக்கணும்னு சொல்ற மேக்ஸ்-ஏஜை முதல்ல 300 செகண்ட் வச்சோம், அப்புறம் ஒரு நாள், எல்லாம் ஒழுங்கா ஓடினப்புறம்தான் 31536000, அதாவது ஒரு வருஷம். சப்டொமைன்களையும் சேர்க்கிற ஆப்ஷனை முதன்மை டொமைன்ல போடறதுக்கு முன்னாடி உள் நெட்வொர்க்ல எச்டிடிபியில மட்டும் ஓடற சப்டொமைன் ஒண்ணு கூட இல்லன்னு உறுதி பண்ணிக்கணும், ஒருதடவை பிரவுசர் ஞாபகம் வச்சுக்கிட்டா நாம சர்வர்ல அந்த ஹெடரை அழிச்சாலும் மேக்ஸ்-ஏஜ் முடியற வரைக்கும் பார்க்கிறவர் மெஷின்ல அது இருக்கும்.

சர்ட்டிஃபிகேட் பத்தி ஒரு கணக்கு சொன்ன உடனே கமிட்டில எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. 2020 செப்டம்பர்ல இருந்து அதிகபட்ச ஆயுள் 398 நாளா இருந்துச்சு. சர்ட்டிஃபிகேட் குடுக்கிறவங்களும் பிரவுசர் கம்பெனிகளும் சேர்ந்த சிஏ பிரவுசர் ஃபோரம் 2025ல எடுத்த முடிவுப்படி 2026 மார்ச் 15ல இருந்து 200 நாள், 2027 மார்ச் 15ல இருந்து 100 நாள், 2029 மார்ச் 15ல இருந்து வெறும் 47 நாள். வருஷத்துக்கு ஒருதடவை ஃபைல் போட்டு, கையெழுத்து வாங்கி, வெண்டர்கிட்ட வாங்கி, கையால ஏத்துற நடைமுறை இதுக்குத் தாங்காது. அதனால பொதுவுல தெரியற எல்லா சர்வர்லயும் ஆக்மி வழியா தானா புதுப்பிக்கிறது கட்டாயம்னு எழுதினோம், ஆர்எஃப்சி 8555ஆ 2019லயே வந்த முறைதான் அது. இதுல ஒரு சின்ன எச்சரிக்கை, டிஸ்க்ல புது ஃபைல் வந்துட்டாலும் சர்வரை ரீலோட் பண்ற வரைக்கும் மெமரில இருக்கிற பழசைத்தான் குடுத்துக்கிட்டு இருக்கும். கண்காணிப்பு ஸ்கிரிப்ட் டிஸ்க்ல இருக்கிற ஃபைலோட தேதியைப் பார்த்தா பச்சை விளக்கு எரியும், பிரவுசர்ல சிவப்பு வரும். நெட்வொர்க் வழியா கனெக்ட் பண்ணி வர்ற சர்ட்டிஃபிகேட்டோட தேதியைத்தான் பார்க்கணும்.

உடனே மாத்த முடியாத பழைய அப்ளிகேஷன்களை வெளிய இருந்து வர்றதை வாங்கி உள்ள அனுப்பற ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி பின்னாடி வச்சோம், பின்னாடி இருக்கிறது ப்ராக்ஸி ஐபியில இருந்து வந்தா மட்டும் பேசும். இது குணப்படுத்துறது இல்ல, கட்டுப் போடறதுதான், ஆனா அந்தக் கட்டு இல்லாம விடறதுக்கு இது எவ்வளவோ மேல். வச்ச உடனே வர்ற ரெண்டு பிரச்சனையும் எல்லாருக்கும் வரும்: ஒண்ணு, அப்ளிகேஷன் தன்கிட்ட எச்டிடிபியில வந்திருக்காங்கன்னு நினைச்சு எச்டிடிபிஎஸ்க்கு திருப்ப, அது ப்ராக்ஸிக்கு வந்து மறுபடி உள்ள போக, சுத்திக்கிட்டே இருக்கும், முதல்ல வந்தது எச்டிடிபிஎஸ்லதான்னு சொல்ற ஃபார்வர்டட் ப்ரோட்டோ ஹெடரை அனுப்பி அப்ளிகேஷனை அதை நம்ப வைக்கணும். ரெண்டு, லாக்ல எல்லா வரியிலயும் ப்ராக்ஸியோட ஐபிதான் நிக்கும். அப்பாச்சில ரிமோட்ஐபி, எஞ்சின்எக்ஸ்ல ரியல்ஐபி மாட்யூல் இதுக்குன்னே இருக்கு, ஆனா ப்ராக்ஸி ஐபியை மட்டும்தான் நம்பணும்னு எழுதணும், எல்லாரையும் நம்பினா யார் வேணா ஒரு பொய் ஐபியை ஹெடர்ல போட்டு லாக்லயே எழுத வச்சுடலாம், அப்புறம் ஒரு சம்பவம் நடந்து லாக்கை எடுத்தா அது சாட்சியா நிக்காது. எல்லா மெஷின்லயும் கடிகாரம், நெட்வொர்க் வழியா நேரத்தைச் சரிபண்ற என்டிபியில ஒத்துப் போகணும்ங்கிற விதியும் இதுக்காகத்தான்.

விதிவிலக்கு கேட்டு வர்றவங்களுக்கு ஒரு பக்கத்துல ஒரு படிவம் வச்சோம். எந்த விதி, ஏன் முடியல, அதுவரைக்கும் என்ன தற்காலிக ஏற்பாடு, பொறுப்பு யார், முடியற தேதி. பதவியோட பேர் எழுதணும், பிரிவோட பேர் எழுதினா வாங்க மாட்டோம். தேதி இல்லாத விதிவிலக்கே கிடையாதுன்னு பிடிவாதமா நின்னோம், சிலருக்கு வருத்தம்தான், ஆனா தேதி இல்லாம போனா அந்த 2.2 பாக்ஸ் இன்னும் பத்து வருஷம் அங்கயே உட்கார்ந்திருக்கும். டெண்டர் ஆவணத்துலயும் ஒரு பத்தி சேர்த்தாச்சு, புது அப்ளிகேஷனை ஒப்படைக்கும்போது இந்த ஸ்கிரிப்ட் அந்த சர்வர்ல முழுசா பாஸ் ஆகணும், இல்லன்னா கடைசித் தவணை கிடையாது. இதுக்கு வெண்டர்கள்கிட்ட இருந்து எதிர்ப்பு வரும்னு நினைச்சோம், வரல, ஸ்கிரிப்ட்டை முன்கூட்டியே குடுத்துட்டதால அவங்களே ஓட்டிப் பார்த்து சரிபண்ணிக்கிட்டு வர்றாங்க, "என்ன எதிர்பார்க்கிறீங்கன்னு இப்பத்தான் சார் தெளிவா தெரியுது"ன்னு ஒருத்தர் சொன்னார்.

இப்ப ஸ்கிரிப்ட் தினமும் ராத்திரி எல்லா பேருக்கும் ஓடுது, நேத்து பாஸ் ஆகி இன்னைக்கு ஃபெயில் ஆனது மட்டும் மெயில்ல வரும், முழு லிஸ்ட் அனுப்பினா யாரும் திறக்க மாட்டாங்க. ஐஐஎஸ் சர்வர்களுக்கு ஹெடர் விதிகளை ஒரே இடத்துல இருந்து ஏத்துற வேலை இன்னும் பாக்கி இருக்கு, இப்போதைக்கு ஒவ்வொரு சைட்டோட வெப் கான்ஃபிக்லயும் கையாலதான் போடறோம். அந்த 2.2 அப்ளிகேஷன் ப்ராக்ஸி பின்னாடி இருக்கு, அதோட விதிவிலக்கு படிவத்துல முடிவு தேதி எழுதியாச்சு, அதுக்குள்ள காப்பி விஎம்ல 2.4 போட்டு ஓட வைக்கிற வேலை நடந்துக்கிட்டு இருக்கு, லாகின் பேஜ் வரைக்கும் வந்துடுச்சு.